அவின்யோனுக்கு வந்த பெடியனும் அவனுடைய பேரேடும்

சித்திரைப் புதுவருடம் பிறந்தால் எங்கட ஊர்க் கடைகளில் புதுக்கணக்கு எழுதுவினம். நல்ல நேரம் பார்த்து, புதுக் கொப்பியின் மூலைகளில் மஞ்சள் தடவி, முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதன்கீழ் ஒரு சின்ன வரவு எழுதினால்தான் அந்த வருட வியாபாரம் தொடங்கினது என்று அர்த்தம். லாச்சப்பலிலும் சில கடைகளில் இந்த வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. அடுத்தநாள் அந்தக் கொப்பி லாச்சிக்குள் போய்விடும் என்பது வேறு கதை.

புத்தாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். நான் ஊரில் உயர்தர வகுப்பில் வர்த்தகம் படித்து, பிறகு ரியூசன் கொட்டிலில் கணக்கியல் படிப்பித்தவன். இராசாக்களின் கதை எனக்கு வராது. ஆகவே ஒரு கடைக்காரரின் கதையைச் சொல்லுகிறேன். அவரும் எங்களைப்போல வேற்று ஊரிலிருந்து வந்து, இன்று பிரான்சுக்குள் இருக்கும் ஒரு நகரத்தில் 32 வருடம் வாழ்ந்தவர். வந்தது 1350இல்.

அவருடைய பெயர் பிரான்செஸ்கோ டாட்டினி. இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிராட்டோ என்ற ஊரில் 1335 அளவில் பிறந்தவர். தகப்பன் தவறணை வைத்திருந்தவர். 1348இல் ஐரோப்பாவைத் துடைத்தெடுத்த கொள்ளைநோய் அந்த வீட்டுக்கும் வந்தது. தாய், தகப்பன், சகோதரங்கள் இருவர் எல்லாரும் போய்விட்டார்கள். மிஞ்சினது பிரான்செஸ்கோவும் ஒரு தம்பியும். ஒரு பெண்மணி இரக்கப்பட்டு இவர்களை வளர்த்தார். புளோரன்சில் ஒரு வருடமளவு கடையில் வேலை பழகினார் பெடியன். அப்போது எல்லாருடைய வாயிலும் அவின்யோன் என்ற பேச்சு. பாப்பரசர் ரோமாபுரியை விட்டு அங்கேதான் இருந்தார். பாப்பரசர் இருந்தால் கர்தினால்மார், தூதுவர்கள், வழக்குக்காரர், யாத்திரிகர் எல்லாரும் இருப்பினம். பணமும் அங்கேதான். பதினைந்து வயதுப் பெடியன் ஊரில் இருந்த சிறு காணித்துண்டை விற்ற காசோடு அவின்யோனுக்கு வெளிக்கிட்டான்.

காணியை விற்று வெளிநாடு போன கதையை இந்த மலரை வாசிக்கிற ஆருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

அந்த நாளில் அவின்யோன் பிரெஞ்சு அரசனின் ஊரல்ல. 1348இல் பாப்பரசர் ஆறாம் கிளெமென்ற் அதை 80,000 புளோரின் பொன் கொடுத்து நேப்பிள்ஸ் அரசியிடமிருந்து விலைக்கு வாங்கியிருந்தார். இத்தாலிய வியாபாரிகள் அங்கே கனபேர். டாட்டினி முதலில் ஆயுதமும் கவசமும் விற்றார். ஊர்களைக் கொள்ளையடித்துத் திரிந்த கூலிப்படைகளுக்கும் விற்றார், அவர்களிடமிருந்து தப்ப மதில் கட்டிய ஊரவர்களுக்கும் விற்றார். யுத்தத்தால் ஓடிவந்த எங்களுக்கு இதை வாசிக்கக் கசக்கத்தான் செய்யும். பிறகு துணி, உப்பு, சாமிப்படம், நகை என்று கடை பெருத்தது. 1367இல் டோரோ டி பேர்ட்டோ என்பவரோடு ஆளுக்கு 2,500 புளோரின் முதல் போட்டுப் பங்கு வியாபாரம் செய்தார். 1376இல் மார்கெரித்தா என்ற பெண்ணைக் கலியாணம் முடித்தார். அவளுடைய தகப்பன் அரசுக்கு எதிராகச் சதி செய்தார் என்று புளோரன்சில் தலை வெட்டப்பட்டவர். குடும்பம் அவின்யோனுக்குத் தப்பி வந்திருந்தது. எங்கட பாசையில் சொன்னால் அகதிக் குடும்பத்துப் பிள்ளை.

அதே 1376இல் புளோரன்சுக்கும் பாப்பரசருக்கும் சண்டை முற்றியது. புளோரன்ஸ் வியாபாரிகளை வெளியேற்றி அவர்களின் பொருளைப் பறிக்கும்படி பாப்பரசர் ஆணை போட்டார். ஒரே இரவில் கடைக்காரன் எதிரியாகி விடுகிறான். டாட்டினி எப்படியோ சமாளித்து நின்றார். அடுத்த வருடம் பாப்பரசர் ரோமாபுரிக்குத் திரும்பிவிட, அவின்யோனின் பழைய செழிப்பும் குறைந்தது. 1382 முடிவில் வெளிக்கிட்டு 1383 தையில் பிராட்டோ போய்ச் சேர்ந்தார். அவின்யோன் கடையை மூடவில்லை, பங்காளிகளிடம் விட்டார். பிறகு பீசா, புளோரன்ஸ், ஜெனோவா, பார்சலோனா, வலன்சியா, மயோர்க்கா என்று கிளைகள் வைத்தார்.

இனித்தான் என்னுடைய பாடம் தொடங்குகிறது. ஓர் ஆள், ஏழெட்டு ஊரில் கடை. தொலைபேசி இல்லை. கடிதம் போய்ச்சேரக் கிழமைகள், சிலநேரம் மாதங்கள். பெத்த பிள்ளையோ கூடப்பிறந்தவனோ ஒரு கிளையிலும் இல்லை. காசு எங்கே நிற்கிறது, ஆர் தரவேண்டும், தான் ஆருக்குக் கொடுக்கவேண்டும் என்று இவர் பிராட்டோவில் இருந்துகொண்டு எப்படி அறிவது?

எழுத்தால்தான். ஒவ்வொரு கிளையும் தனித்தனிப் பேரேடு வைத்தது, கடிதம் எழுதிக்கொண்டே இருந்தது. கடிதம் சுணங்கினால் பேச்சு விழும். தானும் இரவிரவாக இருந்து எழுதினார். "இப்படி உழைத்து ஆத்துமாவைக் கெடுக்கிறாய்" என்ற கருத்தில் அவருடைய நொத்தாரிசுச் சிநேகிதர் லாப்போ மட்செய் திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கிறார்.

கிளைகள் தனித்தனிப் பங்குடமையாக இருந்தது தற்செயல் அல்ல. 1340களில் புளோரன்சின் மிகப் பெரிய இரண்டு வங்கி வீடுகளான பார்டியும் பெருட்சியும் முறிந்து விழுந்தபோது, எல்லாக் கிளையும் ஒரே உடம்பாக இருந்தபடியால் எல்லாம் சேர்ந்து விழுந்தன. டாட்டினியின் ஏற்பாட்டில் ஒவ்வொரு கிளைக்கும் தனி ஒப்பந்தம், தனி முதல், தனி ஏடு. உள்ளூர்ப் பங்காளி தன் உழைப்பைப் போடுவார், இலாபத்தில் பங்கு எடுப்பார். ஒப்பந்தக்காலம் முடியக் கணக்கை மூடிப் பார்த்துத்தான் புதிது எழுதுவார்கள். எங்கட பக்கத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்மார் கொழும்பிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் கிட்டங்கி வைத்து நடத்திய முறையும் இதற்குக் கிட்டத்தான். ஏஜெண்ட் மூன்று வருடத் தவணைக்குப் போவார், முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், ஏடு இருவருக்கும் நடுவில் நிற்கும்.

டாட்டினியின் தொடக்ககால ஏடுகள் ஒற்றைப் பதிவு. ஆர் எவ்வளவு தரவேண்டும் என்ற குறிப்புத்தான். பிற்கால ஏடுகளில் இரட்டைப் பதிவு முறை வருகிறது. அவர் இதைக் கண்டுபிடிக்கவில்லை. 1340ஆம் ஆண்டு ஜெனோவா நகரசபையின் ஏட்டிலேயே அது ஒழுங்காக இருக்கிறது. இதைப் புத்தகமாக அச்சில் போட்டுப் பரப்பியவர் லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி, 1494இல், வெனிசில். கணக்கியலின் தந்தை என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் அவரைத்தான் சொல்லும். வெனிஸ் வியாபாரிகள் செய்துகொண்டிருந்ததை எழுதி வைத்ததுதான் அவர் வேலை. வாத்தியாருக்கு இப்படித்தான் பேர் கிடைக்கிறது!

இரட்டைப் பதிவு என்றால் என்ன? மயோர்க்கா வியாபாரி ஒருவரிடம் கடனுக்குக் கம்பளி வாங்குகிறோம் என்று வையுங்கோ. கம்பளிக் கணக்கில் வரவு எழுத வேணும். அதே தொகையை அந்த வியாபாரியின் கணக்கில் செலவு எழுத வேணும். ஒரே சம்பவம், இரண்டு இடத்தில். வருட முடிவில் வரவுப்பக்கம் எல்லாம் கூட்டிச் செலவுப்பக்கம் எல்லாம் கூட்டினால் இரண்டும் ஒன்றாக வரவேணும். வராவிட்டால் எங்கேயோ பிழை. (இந்தியாவில் படித்தவர்கள் குழம்பக்கூடாது. அங்கே 'பற்று, வரவு' என்பார்கள். அவர்களின் வரவு எங்கட செலவுப்பக்கம். இரண்டு நாட்டில் படித்த இருவர் ஒரு கடையில் கணக்கெழுதினால் முதல் நாளே சண்டைதான்.)

ரியூசனில் பிள்ளைகள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது. "சேர், முதல் போட்டவர் கடைச் சொந்தக்காரர். அவரை ஏன் கடன்கொடுத்தவர்கள் நிற்கிற பக்கத்தில நிப்பாட்டுறம்?" நல்ல கேள்வி. கடை வேறு ஆள், முதலாளி வேறு ஆள் என்று வைத்துத்தான் கணக்கு எழுதப்படுகிறது. முதலாளி போட்ட காசை அவருக்குக் கொடுக்கக் கடை கடமைப்பட்டது. அதேபோல முதலாளி வீட்டுக்கு அரிசி எடுத்தாலும் மகளின் சாமத்தியவீட்டுக்குக் காசு எடுத்தாலும் கடை அதை அவர் பேரில் எழுதி வைக்கும். புளோரன்ஸ் வியாபாரிகள் இதற்கென்று இரகசிய ஏடு என்று ஒன்று வைத்திருந்தார்கள். பங்காளிகளின் முதலும் இலாபப் பங்கும் அதில்தான். கணக்கப்பிள்ளை அதைத் தொடமுடியாது.

இந்த ஒரு விசயத்தில்தான் இங்கே எம்மவரின் எத்தனையோ பங்குக்கடைகள் உடைந்தன. இரண்டு சிநேகிதர், ஒரே ஊர், ஒரே வீசாப் பிரச்சினை பட்டவர்கள், சேர்ந்து கடை போடுவார்கள். ஒருவர் லாச்சிக்குள் இருந்து வீட்டு வாடகைக்கு எடுப்பார். மற்றவர் ஊருக்கு அனுப்ப எடுப்பார். களவு என்று ஒன்றும் இல்லை, எழுதினதும் இல்லை. மூன்றாம் வருடம் கணக்குப் பார்க்க இருந்தால் இருவரும் தாங்கள் குறையத்தான் எடுத்ததென்று சத்தியம் பண்ணுவார்கள். இருவரும் உண்மைதான் சொல்லுவார்கள். பிறகு நல்லது கெட்டதுக்கும் முகம் பார்க்க மாட்டார்கள்.

எழுதினவர்களுக்கும் ஏடு எப்போதும் காவலாக நிற்பதில்லை. என்னுடைய மாமா ஒருவர் கொழும்பு புறக்கோட்டையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்தவர். 1983 ஆடியில் கடை எரிந்தது. கடையோடு பேரேடும் எரிந்தது. சாமான் எரிந்தால் கண்ணுக்குத் தெரிகிற நட்டம். ஏடு எரிந்தால், அனுராதபுரத்துக் கடைக்காரன் தரவேண்டியதும், பதுளைக் கடைக்காரன் தரவேண்டியதும் சேர்ந்து எரிகிறது. அகதி முகாமில் ஆரிடமோ ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் அவர் எழுதினார். நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் தனக்குத் தரவேண்டியவர்கள், மறுபக்கம் தான் கொடுக்கவேண்டியவர்கள். கொடுக்கவேண்டிய பக்கத்தைத்தான் முதலில் எழுதி முடித்தார் என்று மாமி சொல்லுவா. அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் இருந்து கடிதம் போட்டார். சிலர் காசு அனுப்பினார்கள், அதில் சிங்களவரும் இருந்தார்கள். பலர் பதில் போடவில்லை.

டாட்டினியின் ஏட்டில் நான் மிகவும் இரசித்துப் படித்த பகுதி ஒரு கம்பளிச் சரக்கின் கதை. இன்றைக்கு விநியோகச் சங்கிலி என்று பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்களே, அது முழுவதும் இதற்குள் இருக்கிறது. 1394 கார்த்திகையில் மயோர்க்காத் தீவில் கம்பளிக்கு ஓடர் கொடுக்கிறார்கள். ஆடு அப்போது ஆடாகத்தான் நிற்கிறது. அடுத்த வருடம் இளவேனிலில்தான் மயிர் கத்தரித்தார்கள். பிறகு கப்பல், சுங்கம், இன்னொரு கப்பல். பீசாவில் இறக்கி 39 பொதியாகக் கட்டினார்கள். 21 பொதி புளோரன்சில் ஒரு வாடிக்கைக்காரருக்குப் போனது. மிச்சம் 18 பொதி 1396 தை மாதம் பிராட்டோ வந்து சேர்ந்தது.

அதில் பாதியளவு கம்பளியை அடித்து, தெரிந்து, எண்ணெய் பூசி, கழுவி, சீவி, நூற்று, நெய்து, நீலச்சாயம் போட்டு, அழுத்தி மடிக்க ஆறு மாதம் ஆனது. ஒவ்வொரு வேலைக்கும் வேறு வேறு ஆட்கள். நூற்றவர்கள் மட்டும் 96 பெண்கள், தங்கள் தங்கள் வீடுகளில் இருந்து. ஒவ்வொருத்திக்கும் கொடுத்த கூலியும் ஏட்டில் ஏறியது. அந்த ஆடி முடிவில் கையில் இருந்தது 6 சுருள் துணி. அவற்றைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி மலை கடந்து வெனிசுக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலில் எங்கே அனுப்பினார்கள் தெரியுமோ? கம்பளி வந்த அதே மயோர்க்காவுக்கு! அங்கே சந்தை மந்தம். வலன்சியாவுக்கும் வட ஆபிரிக்காவுக்கும் அனுப்பிப் பார்த்தார்கள், கொஞ்சம் விற்றது. விலைபோகாதது மயோர்க்காவுக்கே திரும்பி வந்து 1398இல் விற்று முடிந்தது. ஓடர் கொடுத்து மூன்றரை வருடம். எல்லாம் கழித்துக் கண்ட இலாபம் நூற்றுக்கு ஒன்பது வீதத்தைக்கூட எட்டவில்லை.

1396 ஆடியில் ஒருவர் வந்து டாட்டினியின் துணித்தொழிலின் காசுப்பெட்டியை மட்டும் திறந்து பார்த்திருந்தால், ஆள் முறிந்துபோனார் என்று ஊரெல்லாம் கதைத்திருப்பார். காசு கம்பளியாகி, கூலியாகி, துணியாகி நிற்கிறது. காசேடு அதைச் சொல்லாது, ஐந்தொகை சொல்லும். மறுவளமாகவும் நடக்கும். கொழும்பிலிருந்து ஒரு கொள்கலன் அரிசிமாவும் கருவாடும் கடனுக்கு இறக்கி, வருடப்பிறப்புக் கிழமையில் நன்றாக விற்று, லாச்சி நிறைந்திருக்கிற கடைக்காரர் புதுக்கார் வாங்குகிறார். சித்திரை முடியக் கொழும்பில் இருந்து பில் வருகிறது. லாச்சிக்குள் இருந்த காசில் முக்காலும் அவருடையது அல்ல. வியாபாரம் நட்டம் இல்லை, ஆனாலும் கடை பூட்டுகிற நிலை. மாலைநேர வகுப்பில் இதைத்தான் நான் முதல் இரண்டு கிழமையும் படிப்பிக்கிறேன். இலாபநட்டக் கணக்குப் பிறகு வரட்டும்.

காப்புறுதியும் அப்போதே இருந்தது. சரக்கைக் கப்பலில் ஏற்றும்போது தவணைப்பணம் கட்டுவார்கள். காசு வாங்கும்போது காப்புறுதிக்காரருக்கு இனிக்கும், கப்பல் தாழ்ந்தால் பின்புறத்தைக் காட்டுவார்கள் என்று டாட்டினி மனைவிக்கு எழுதிய கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறார். அறுநூறு வருடத்தில் என்ன மாறியது என்று நினைக்கத் தோன்றும்.

ஏடு சரியாக எழுதினவர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அடிமைகளை வாங்கி விற்றதும் அதே ஏடுகளில் இருக்கிறது. தோலுக்கும் உப்புக்கும் இருப்பதுபோல அவர்களுக்கும் ஒரு விலை, இரண்டு பதிவு. கூட்டுத்தொகை சரிவரும். வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். மார்கெரித்தாவுக்குப் பிள்ளை இல்லை. லூச்சியா என்ற அடிமைப் பெண்ணுக்கு டாட்டினியால் பிறந்த ஜினேவ்றா என்ற பிள்ளையை அவள் தன் பிள்ளையாக வளர்த்தாள். 1407இல் 1,000 புளோரின் சீதனத்தோடு அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் நடந்தது. மார்கெரித்தா வளர்ந்த பிறகுதான் எழுதப் பழகினவள். அதற்குமுன் மற்றவரைக் கொண்டு எழுதுவித்தாள். புருசன் வேலை வேலை என்று வேறு ஊரில் கிடப்பதைப் பற்றி அவள் கடிதங்களில் விட்டு வாங்கியிருக்கிறாள். இரண்டு வேலை செய்கிற எங்கட ஆம்பிளையள் வாசித்தால் தலைகுனிவினம்.

1400இல் கொள்ளைநோய் திரும்ப வந்தது. டாட்டினி வீட்டாரோடு பொலொஞ்ஞாவுக்கு ஓடித் தப்பினார். திரும்பி வந்தபோது அவருடைய நெருங்கிய பங்காளிகளில் பலர் உயிரோடு இல்லை. பதின்மூன்று வயதில் பெற்றாரை எடுத்த அதே நோய், அறுபத்தைந்தில் கூட்டாளிகளையும் எடுத்தது. பேரேடுகள் இருந்தன. செத்தவரின் பங்கு எவ்வளவு, அவர் குடும்பத்துக்கு எவ்வளவு போகவேணும் என்பதற்கு ஆரையும் போய்ச் சத்தியம் கேட்கத் தேவை இருக்கவில்லை.

1410 ஆவணியில் டாட்டினி இறந்தார். சொத்தில் பெரும்பங்கு, ஏறக்குறைய 70,000 புளோரின், பிராட்டோ ஏழைகளுக்கென்று ஒரு தருமத்துக்கு எழுதிவைத்தார். மேற்றிராணியாரோ கோயிலோ தலையிடக்கூடாது, ஊரவர்தான் நடத்தவேணும் என்பது அவர் ஏற்பாடு. இன்னொரு 1,000 புளோரின் புளோரன்சில் அநாதைக் குழந்தைகளுக்கான ஆசுப்பத்திரி ஒன்றுக்கு. கிளைகளில் இருந்த ஏடுகளும் கடிதங்களும் பிராட்டோ வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பிறகு அவை எல்லாருக்கும் மறந்துபோனது. 1870இல் அந்த வீட்டில் ஒரு படிக்கட்டுப் பக்கத்து ஒதுக்கிடத்தில் சாக்குச் சாக்காகக் கண்டெடுத்தார்கள். கடிதங்கள் ஏறக்குறைய 150,000. கணக்கேடுகள் 500க்கு மேல். பங்கு ஒப்பந்தங்கள் சுமார் 300, காப்புறுதிப் பத்திரங்கள் சுமார் 400, உண்டியல்கள், காசோலைகள். இன்று அந்த வீட்டிலேயே பிராட்டோவின் அரச ஆவணக்காப்பகம் இருக்கிறது. நூற்ற 96 பெண்களின் கூலியும், மயோர்க்காவில் கடைசியாக விலைபோன துணியின் பதிவும் அந்தச் சாக்குகளுக்குள்தான் கிடந்தன.